லிபரேட்டர் இன்ஜின்: தாத்தா நோட்டில் உள்ள இந்த இரண்டு வரிக்கு என்ன அர்த்தம்?

தாம்பரம் பேரன்:
என் தாத்தா விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர். 1962 வரை பூனாவில், 6-ஆம் ஸ்குவாட்ரனில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் வேலை பார்த்தவர். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பச்சை அட்டை நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் இரண்டே வரி. "3 முதலில். பிறகு 4, 2, 1." அதற்குக் கீழே, "கையில் மாட்டினால் பின்னால் சுற்றாதே." இரண்டாவது வரிக்கு அடியில் மூன்று கோடு போட்டிருக்கிறார். கேட்க அவர் இல்லை. தெரிந்த பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
தம்பி, நான் 1964-இல் அதே ஸ்குவாட்ரனுக்குப் போனவன். 1968 டிசம்பரில் லிபரேட்டருக்கு ஓய்வு கொடுக்கும் வரை இருந்தேன். உங்கள் தாத்தாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

முதல் வரி சுலபம், நாலு இன்ஜினையும் ஸ்டார்ட் செய்யும் வரிசை அது. பைலட்டின் இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது இன்ஜினில்தான் ஹைட்ராலிக் பம்ப் இருக்கிறது. பிரேக்குக்கு அழுத்தம் வேண்டுமே, அதனால் அதை முதலில் ஓடவிடுவோம்.

இரண்டாவது வரிதான் உயிர். அந்த ட்வின் வாஸ்ப் இன்ஜினுக்கு 14 சிலிண்டர், ஏழு ஏழாக இரண்டு வரிசை, சக்கரத்து ஆரம் மாதிரி சுற்றிலும் நிற்கும். கீழே இருப்பவை தலைகீழாகத் தொங்குகின்றன. ராத்திரி முழுக்க விமானம் சும்மா நின்றால் ஆயில் ரிங்கைத் தாண்டிக் கசிந்து அந்தக் கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் போய் அதில் முட்டி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் அப்போதே தெரியாது, கடலுக்கு மேலே போன பிறகு உடையும். அதனால் காலையில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பிளேடுக்கு இரண்டு பேராக நின்று ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவோம்.

நான் சேர்ந்த புதிதில், மழைக்காலம். நாலாவது இன்ஜின் பாதிச் சுற்றில் கல் மாதிரி நின்றது. இளவட்டம், பலம் போட்டுத் தள்ளப் பார்த்தேன். எங்கள் சார்ஜென்ட் என் மணிக்கட்டைப் பிடித்து, "விடுடா, அது உன்கிட்ட ஏதோ சொல்லுது" என்றார். சரி, பின்பக்கம் சுற்றி விடுவித்துவிடலாம் என்று போனேன். அதற்கும் விடவில்லை. பின்னால் சுற்றினால் ஆயில், சிலிண்டருக்குள் காற்று வரும் இன்டேக் பைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உள்ளே இழுக்கப்படும். கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். கரேலென்று ஆயில் என் முழங்கை வரை வழிந்தது, ஒரு டம்ளருக்குக் குறையாது. அந்த விமானத்தில் அன்று எட்டுப் பேர் போவதாக இருந்தது. உங்கள் தாத்தா மூன்று கோடு போட்டாரே, நானாக இருந்தால் நாலு போட்டிருப்பேன்.

இன்னொன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் இந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்ஜினில் மணலைக்கூடக் கொட்டினார்களாம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல்காரர்கள் அதிலிருந்து 40-க்கு மேல் தேற்றினார்கள். ஜிம்மி முன்ஷி என்ற பைலட் அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

மயிலிட்டிப் பெண்:
ஐயா, வாசிக்க அம்மம்மாவின்ரை ஞாபகம் வந்திட்டுது. அந்த யுத்த நேரம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்திலை பிரிட்டிஷ்காரரின்ரை 160-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் நிண்டவை. காங்கேசன்துறை எண்டுதான் அந்தத் தளத்துக்கு அப்ப பேர். சுமாத்திராப் பக்கம் படம் எடுக்கப் போறவையாம். அம்மம்மாவுக்கு அப்ப பன்னிரண்டு வயது. எண்ணெய்ப் பாரத்தோடை பனை வட்டுக்கு மேலாலை எழும்பேக்கை அடுப்படியிலை சட்டி பானை அதிருமாம். திரும்பி வாறது அடுத்த நாள். சத்தம் கேட்டால் அவவின்ரை ஐயா வளவுக்கை ஓடிப்போய் எண்ணுவாராம். சில நாள் ஒண்டு குறையும். சத்தம் "ஊங்... ஊங்..." எண்டு அலையலையா வரும் எண்டு செய்து காட்டுவா. அது ஏன் ஐயா அப்பிடி?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
அம்மா, உங்கள் அம்மம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நாலு இன்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் சத்தம் ஒன்றோடொன்று மோதி அப்படி ஏறி இறங்கும். பைலட் ப்ரொப்பெல்லர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து அதை அடக்குவார். இருபது மணி நேரம்வரைகூடப் பறந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கரை தெரிந்த பிறகு அதெல்லாம் எங்கே தோன்றும்?

தாம்பரம் பேரன்:
ஐயா, ரொம்ப நன்றி. படித்துக் காட்டியதும் பாட்டி ஒன்று சொன்னார். தாத்தா ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் கிணற்று மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாராம். நோட்டின் மற்ற பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன். வால்வு இடைவெளி அளவு எல்லாம் இருக்கிறது, சில எழுத்து அழிந்திருக்கிறது. நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.