அப்பா பெயரில் மலிவு விலை வீடு: பெயர் மாற்ற முதலில் எந்தக் கவுண்டர்?

பால்மரம்88:
வணக்கம். மலேசியா, சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, மலிவு விலைத் தரை வீடு. லயத்தை விட்டு வந்த தோட்டக் குடும்பங்கள்தான் அந்த வரிசையில் அதிகம். கிராண்ட் (நிலப் பட்டா) அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி நான்கு வருடம். உயில் கிடையாது. அம்மாவும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறோம். வீட்டை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

கிராண்டில் "மாநில அதிகாரத் தரப்பின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதனால் ஷா ஆலாமில் மாநில வீடமைப்பு வாரியத்துக்குப் போ என்கிறார் ஒருவர். நில அலுவலகம் என்கிறார் இன்னொருவர். சுக்காய் பிந்துவில் (வீட்டு வரிப் பில்) பெயரை மாற்றினாலே போதும் என்கிறார் மூன்றாமவர். எது முதலில்? லாயர் வைக்க வேண்டுமா?

ஓய்வுகிராணி:
தம்பி, மூன்றாமவரை விட்டுவிடுங்கள். சுக்காய் பிந்து நகராண்மைக் கழகம் வாங்கும் வரி. அந்தப் பில்லில் யார் பெயர் இருந்தாலும் வீடு அவருடையது ஆகிவிடாது. வீடு யாருடையது என்பதை நிலப் பதிவேடு ஒன்றுதான் சொல்லும்.

கிராண்டில் உள்ள அந்த வரிக்குப் பெயர் 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்', அதாவது உரிமைக் கட்டுப்பாடு. அது மறிப்பது 'பிண்டா மிலிக்'கை, அதாவது உரிமையாளர் விற்பதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதையும். இறந்தவர் சொத்து வாரிசுக்கு இறங்குவது 'துருன் மிலிக்'. இரண்டும் ஒன்றல்ல. வாசகம் கிராண்டுக்குக் கிராண்ட் மாறும் என்பதால் முழு வரியையும் கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். ஆனால் பெரும்பாலான தாமான் வீடுகளுக்கு இந்தக் கட்டத்தில் வீடமைப்பு வாரியத்தில் வேலை இல்லை.

நீங்கள் போக வேண்டியது சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவு, 'புசாக்கா கெச்சில்'. நிலம் மாநில அதிகாரம், ஆனால் இந்தப் பிரிவு கூட்டரசின் நில, கனிம இலாகாவுக்குக் கீழ் வருகிறது. மாநிலக் கவுண்டரில் கேட்டால் "இங்கே இல்லை" என்று அனுப்பிவிடுவதற்குக் காரணம் அதுதான். சட்டம் 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துகள் (பங்கீடு) சட்டம். உயில் இருக்கக் கூடாது, சொத்தில் வீடோ நிலமோ இருக்க வேண்டும், மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியைத் தாண்டக் கூடாது. முன்பு இந்த வரம்பு 20 லட்சம், 2024 ஜூலை 15 முதல் உயர்ந்தது. மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறது. லாயர் கட்டாயமில்லை.

பாரம் ஏ நிரப்பி, வீடு இருக்கும் மாவட்டத்துக்குரிய பிரிவில் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், நிலப் பதிவேட்டுத் தேடல் தாள் (புதிதாக எடுத்தது), கிராண்ட் நகல், அம்மாவின் திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் ஐசியும் (அடையாள அட்டை), நடப்பு ஆண்டு நிலவரி ரசீது ஆகியவை வேண்டும். நிலவரிக்குக் கெடு மே 31. பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். வரி கட்டாமல் பாரம் 6ஏ (நிலவரி பாக்கிக்கான கோரிக்கை) வந்து மூன்று மாதம் கடந்தால், நிலம் மாநிலத்துக்கே பறிமுதலாக வழி இருக்கிறது.

அப்பா வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் தேடல் தாளில் அடமானம் தெரியும். கடன் கட்டி முடித்தால் மட்டும் அது அழியாது. பாரம் 16என் (அடமான விடுவிப்பு) பதிவானால்தான் அழியும். கிராண்ட் வங்கி அலமாரியிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம்.

லயத்துவிளக்கு:
கிராணி அண்ணன் சொன்ன பட்டியலில் கோப்பு சிக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

முதலாவது, ஐசி எண். பழைய கிராண்டில் அப்பாவின் பழைய 7 இலக்க எண் இருக்கும், இறப்புச் சான்றிதழில் 12 இலக்க எண் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று பதிவிலாகாவின் உறுதிக் கடிதம் கேட்பார்கள்.

இரண்டாவது, பெயர். அந்தக் காலத்தில் தோட்ட ஆபீசில் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கிராண்டில் 'முனியாண்டி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'முனியண்டி', மலாய் எழுத்தில் கடைசி எழுத்து ஒன்றில் ஐ, ஒன்றில் ஒய். ஓர் எழுத்து மாறினாலும் சத்தியப் பிரமாணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும், முத்திரை இருக்க வேண்டும். பாரம் கொடுத்த பிறகு வாரிசுகளை அழைத்து அந்தப் பிரிவு நடத்தும் விசாரணை அன்று கண்டுபிடித்தால் தேதி தள்ளிப் போகும்.

மூன்றாவதுதான் பெரியது: கோயில் கல்யாணம். 1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பிறகு தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாமல் விட்டிருந்தால், 'மனைவி' என்ற இடத்தில் அம்மாவை எழுதும்போதே கேள்வி வரும், பிள்ளைகளின் நிலையும் கேள்விக்கு வரும். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வரலாம். அப்படி இருந்தால் அப்போது லாயர் வேண்டும். இந்தச் சந்தேகத்தைப் பாரம் கொடுக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஈயலம்பம்:
பங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முஸ்லிம் அல்லாதவருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். இறந்தவருக்குப் பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோரில் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறும்: மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை.

வீடு முழுவதும் அம்மா பெயருக்கு வர வேண்டுமானால் நான்கு பிள்ளைகளும் விசாரணையில் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வேலை, வர முடியாது என்பவர் டி.டி.ஏ. பாரத்தில் (வர முடியாத வாரிசின் சம்மதப் பாரம்) உரிய அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் "எனக்குச் சம்மதம்" என்று அனுப்புவது செல்லாது, சிரிக்காதீர்கள், அதை அச்செடுத்துக் கொண்டு வருகிறார்கள்.

"இப்போதைக்கு எல்லார் பெயரும் இருக்கட்டும், பிறகு ஒருவருக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். பிறகு மாற்றுவது பாரம் 14ஏ (உரிமை மாற்றப் பாரம்), அது பிண்டா மிலிக். கிராண்டில் உள்ள அந்தக் கட்டுப்பாட்டு வாசகம் அப்போது பாயும். முத்திரை வரியும் உண்டு. பெற்றோர் பிள்ளை இடையே சலுகை இருக்கிறது, அண்ணன் தங்கை இடையே அது இல்லை. முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 2 விழுக்காடு. ஒன்றரை லட்சம் மதிப்புள்ள வீடு முழுவதையும் மாற்றினால் 2,000 வெள்ளி.

பால்மரம்88:
நன்றி. திருமணம் பதிவானது, பிரச்சினை இல்லை. ஆனால் ஈயலம்பம் அண்ணன் சொன்னது இடிக்கிறது. அப்பா இறந்தபோது பாட்டி (அப்பாவின் அம்மா) உயிரோடு இருந்தார். போன வருடம்தான் தவறினார். இப்போது அவர் இல்லை என்பதால் கணக்கில் வரமாட்டார்தானே? தாத்தா ரொம்ப முன்பே போய்விட்டார்.

ஈயலம்பம்:
வருவார். அப்பா இறந்த நாளில் யார் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அன்றைக்கே பாட்டிக்குக் கால் பங்கு சேர்ந்துவிட்டது. அவர் போனதும் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது, அதாவது உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தைகளுக்கு. பாட்டிக்கு மொத்தம் ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வீட்டில் 20இல் ஒரு பங்கு. அதில் உங்கள் அப்பாவுக்குரிய 20இல் ஒன்று உங்கள் நான்கு பேருக்கும் பிரியும்.

பாட்டிக்கும் தனியாக ஒரு பாரம் ஏ வேண்டும், இறப்புச் சான்றிதழோடு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கவுண்டரில் கேளுங்கள். அத்தைமார் கையெழுத்தும் வேண்டும். பாரம் கொடுத்த பிறகு விசாரணை அறிவிப்புக் கடிதம் வீட்டு வாசலில் போய் நின்றால்தான் மனக்கசப்பு. முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஓய்வுகிராணி:
பாட்டி விஷயம் நல்லவேளை கேட்டீர்கள். இனி கடைசிப் படி, பலர் கோட்டை விடுவது இங்கேதான். விசாரணை முடிந்ததும் பங்கீட்டு உத்தரவு பாரம் இ கிடைக்கும். அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டால் கிராண்டில் அப்பா பெயரே இருக்கும். மூலக் கிராண்டோடு கொண்டுபோய்ப் பதிய வேண்டும். கிராண்டின் தலைப்பில் ஜி.எம்., பி.எம்., எச்.எஸ்.எம். என்று இருந்தால் மாவட்ட நில அலுவலகம். வெறும் கெரான், பஜாக்கான் நெகிரி, எச்.எஸ்.டி. என்று இருந்தால் ஷா ஆலாமில் உள்ள மாநில நில, கனிம அலுவலகம். போகும் முன் தலைப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் லீவு வீண்.

ஒரு குழப்பம். நகராண்மைக் கழகமும் 'பாரம் இ' அனுப்பும். அது சுக்காய் பிந்து பாக்கிக்கான கோரிக்கை. அதைக் கட்டாவிட்டால் பாரம் எஃப், வீட்டுச் சாமான் பறிமுதல் வாரண்ட். பெயர் ஒன்று, தாள் வேறு. கோப்பில் கலந்து வைக்காதீர்கள்.

புதுக் கிராண்ட் கைக்கு வந்ததும், தாமதிக்காமல் நகராண்மைக் கழகத்தில் உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்க வேண்டும் (உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 160). மூன்றாமவர் சொன்ன வேலை இப்போதுதான் வருகிறது. தண்ணீர், மின்சாரக் கணக்குகளையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

லயத்துவிளக்கு:
முதலாமவர் சொன்ன வீடமைப்பு வாரியம் எப்போது வரும் என்றால், பிறகு அம்மா வீட்டை விற்க நினைக்கும்போது. கிராண்டில் அந்த வரி அப்படியே இருக்கும். மலிவு விலையில் கிடைத்த வீடு என்பதால் வாங்குபவருக்கும் தகுதி பார்ப்பார்கள், மாநில அனுமதி அந்த ஆளுக்கு மட்டும், அந்த ஒரு தடவைக்கு மட்டும். அனுமதி கிடைப்பதற்கு முன் முன்பணம் வாங்காதீர்கள். 'சூராட் குவாசா' (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதனால் கிராண்டில் பெயர் மாறாது, கொடுத்தவர் இறந்தால் அந்தத் தாள் பெரும்பாலும் அதோடு செத்துவிடும். அப்புறம் வாங்கியவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார், நீங்கள் மறுபடியும் பாரம் ஏ-யிலிருந்து தொடங்க வேண்டும்.