பேஸ்மேக்கர் ஒயரால் சிரை அடைத்துக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து:
சிரை வழியாக ஒயர் விட்டு இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கரை அம்மாவுக்கு வைத்து 11 ஆண்டுகள் ஆகின்றன. முந்திய ஆண்டு மார்கழியில், கோலம் போடக் குனியும்போதெல்லாம் முகம் உப்பிக் கருஞ்சிவப்பானது. சிறுநீரகம், தைராய்டு என்று ஏழு மாதங்கள் பரிசோதனையிலேயே கழிந்தன. கடைசியில் இ.சி.ஜி. எடுக்க வந்த செவிலியர்தான் நெஞ்சின் மேற்புறம் முழுவதும் நீல நரம்புகள் புடைத்திருப்பதைப் பார்த்து மருத்துவரை அழைத்தார். அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் அம்மாவின் முகம் சிவந்து மூச்சு முட்டிய காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஒயரைச் சுற்றித் தழும்பேறி, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை நூலிழையாய்ச் சுருங்கியிருந்தது. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாய் செலுத்திப் பலூனால் விரித்தார்கள். விழித்தே இருந்த அம்மா, திரையைப் பார்த்து, "வாய்க்கால்ல அமலைச் செடி அடைச்சா தண்ணி வயக்காட்டு வழியாப் போவும்லா, அப்படியா டாக்டரய்யா?" என்று கேட்டாராம்.

தென்காசியிலிருந்து:
சிரையைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்களா என்பதை மேலே எழுதியவர் சொல்லவில்லை. ஒயர் உள்ளே இருக்கும்போதே ஸ்டென்டை விரித்தால், அது ஒயரைச் சிரைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடும்; பின்னாளில் கிருமித் தொற்று வந்தால் ஒயரை உருவுவது பெரும்பாடு. எனவே என் தந்தைக்குப் பழைய ஒயர்களை, அவற்றின் மேல் நுழைக்கும் லேசர் உறையால் தழும்பிலிருந்து பிரித்தெடுத்து, பிறகு ஸ்டென்ட் வைத்து, அதன் ஊடாகவே புதிய ஒயரை இறக்கினார்கள். சிரை கிழிந்தால் நெஞ்சைத் திறக்க நேரிடும் என்ற வரியின் கீழே கையெழுத்திட்டவன் நான். பேனா எழுதாமல் இருமுறை உதறியது நினைவிருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:
தென்காசிக்காரர் எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம். என் சித்தப்பாவுக்கு இடது கை மட்டும் வீங்கி, ரத்தம் பக்கச் சிரைகளில் வழி தேடிக்கொண்டதால் வடிந்துவிட்டது. ஒயர் உள்ள பலருக்குச் சிரை அடைத்தும் தொந்தரவே தெரிவதில்லை. அப்படிப்பட்ட அடைப்பைப் போய் நோண்டுவானேன்? ஆனால் பேட்டரி மாற்றும்போது கூடுதல் ஒயர் போடுவதாக இருந்தால், முன்னதாகச் சிரைப் படம் எடுப்பது பற்றிக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒயரே இல்லாமல் இதய அறைக்குள் பொருத்தும் பேஸ்மேக்கருக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மீண்டும்:
தென்காசி அண்ணாச்சிக்கு: ஸ்டென்ட் வைக்கவில்லை. அம்மாவின் இதயம் அந்த ஒயரை நம்பியே துடிக்கிறது. வயதும் 78 என்பதால் ஒயரை உருவத் தயங்கினார்கள். பலூன் மட்டும் என்றால் மறுபடி சுருங்கலாம் என்று அப்போதே சொன்னார்கள். இந்த வாரம் காலையில் எழும்போது கண்ணிமைகள் மீண்டும் தடித்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அதுவரை கோலப்பொடி டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறேன்.