பழைய ரோட்ஸ்டரை வைத்திருப்பதா, புதியதற்கு மாறுவதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க அனுபவங்கள்

கல்லடியான்:

என்னிடம் இருப்பது மஸ்டா ரோட்ஸ்டர் என்கிற, கூரை திறக்கிற இரண்டு இருக்கைக் காரின் இரண்டாம் தலைமுறை, என்பி. 1.6 லீட்டர், ஐந்து கியர், கையால் மடித்துத் திறக்கும் துணிக்கூரை. நான்காம் தலைமுறையான என்டிக்கு மாறலாமா என்று கொஞ்சக் காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கக் கிடைக்கிற ஒப்பீடுகள் எல்லாம் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் ஓட்டியவர்கள் எழுதியவை. நிந்தவூர்க் கடைத்தெருவுக்குள்ளால் ஊர்ந்து போகிறவனுக்கு அவை பாதிதான் உதவும். எனக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டு தலைமுறைகளையும் ஓட்டிப் பார்த்தவர்கள் உங்களுடையதை எழுதுங்கள், எந்தக் காராக இருந்தாலும் சரி.

கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் என்டியை அண்மையில் ஓட்டக் கிடைத்தது. ஏ5 வீதியில் இருவரும் சேர்ந்து போனோம். செங்கலடியில் தொடங்கி கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை என்று போய், லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுகிற வீதி அது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்க ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்த வீதிதான். பிபிலையில் தேநீர் குடித்துவிட்டுச் சாவிகளை மாற்றிக்கொண்டோம். என் கார் முன்னே போக, நான் என்டியில் பின்னால் ஏறினேன்.

முதலில் தெரிந்தது காரின் உடம்பு இறுக்கம். என் கார் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். என்டி அதே பள்ளத்தில் இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிப் போனது. இவ்வளவு இறுக்கமும் பாதுகாப்புச் சாதனங்களும் சேர்ந்தால் பாரம் கூடியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஜப்பானில் தொடக்கத்தில் விற்ற அடிப்படை வகை 990 கிலோதான், என் என்பியின் பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். நடுவில் வந்த மூன்றாம் தலைமுறையான என்சி 1,100 கிலோவுக்குப் பக்கத்தில் போயிருந்தது. மஸ்டா பொனட்டையும் முன்மட்காட்டுகளையும் டிக்கி மூடியையும் அலுமினியத்தில் செய்து, நீளத்தையும் நான்கு தலைமுறைகளிலும் மிகக் குறைவாக 3,915 மில்லிமீற்றருக்கு இறக்கி, அந்தப் பாரத்தைத் திருப்பிக் கழித்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் கார்கள் ஊதிப் பெருக்கிற காலத்தில் இதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

1.5 லீட்டர் என்ஜின், 131 குதிரைவலு. என்னுடையது 125. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் லுணுகலைக்கு ஏறும்போது நான் இரண்டாம் கியருக்கு இறங்குகிற வளைவுகளில் என்டி மூன்றிலேயே இழுத்துக்கொண்டு போனது. கியர்க் கம்பு இரண்டிலுமே அருமை, கைமணிக்கட்டு அசைந்தால் போதும்.

மனம் ஒட்டாதது ஸ்டியரிங்கில்தான். என்பியில் இருப்பது ஹைட்ரோலிக். முன்சக்கரம் சரளைக்கல்லில் ஏறினால் அது உள்ளங்கைக்கு வந்து சேரும். என்டியில் மின்சார ஸ்டியரிங். இலேசாக, துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் வீதியின் சேதி குறைவு. வளைவில் நுழையும்போது உடம்பும் என்பியைவிடச் சாய்கிறது. 2023 ஒக்டோபரில் அறிவித்த புதுப்பிப்பில் ஸ்டியரிங்கின் உராய்வைக் குறைத்து, கையால் கியர் போடுகிற கார்களுக்குப் பின்சக்கரங்களுக்கு வலுவைப் பிரிக்கிற புதிய டிஃபரென்ஷலும் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓட்டியது அதற்கு முந்திய வண்டி.

அடுத்து காசு. 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததும் எல்லோரையும் போல நானும் கணக்குப் போட்டேன். நம் நாட்டில் பெற்றோல் கார்களின் உற்பத்தி வரி ஒவ்வொரு சிசிக்கும் இவ்வளவு என்று போடப்படுகிறது. என்ஜின் பெருக்கப் பெருக்க அந்த ஒரு சிசிக்கான தொகையும் ஏறும். இந்த இடத்தில் 1,496 சிசி துணிக்கூரைக் காருக்கு ஒரு நன்மை இருக்கிறது, 1,500க்குள் அடங்கிவிடுகிறது. என்டியிலேயே மடங்கும் வன்கூரையுள்ள ஆர்எஃப் வகை இரண்டு லீட்டர் என்பதால் சிசியும் கூட, ஒரு சிசிக்கான தொகையும் கூட. அதன்மேல் சுங்க வரி, வற் வரி. துணிக்கூரைக் காருக்கே மொத்தம் ஜப்பான் விலையின் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் காரில் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

சட்டப்படி ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். அந்த 70க்குள் எந்தத் தலைமுறை அதிக சந்தோசம் தரும் என்பதுதான் என் கேள்வி.

சம்மாந்துறை நானா, தோஹாவிலிருந்து:

தம்பி, என்னுடையது வேறு கார், கேள்வி ஒன்றுதான். இங்கே கட்டாரில் முதல் தலைமுறை டொயோட்டா 86 வைத்திருந்தேன். பிறகு அதன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86க்கு மாறினேன். நாட்டுக்குக் கொண்டுவர நினைக்கவே முடியாத கார், 2.4 லீட்டருக்கு வரி போட்டால் வீடு கட்டலாம்.

பழைய 86ஐ ஓட்டின ஆட்களுக்குத் தெரியும், நிமிடத்துக்கு 3,500 தொடக்கம் 4,500 சுற்று வரைக்கும் என்ஜின் சோர்ந்து போகும். லொறியை முந்துவதற்கு மிதிக்கிற நேரத்திலேதான் அந்தச் சோர்வு வரும். 205 நியூட்டன்மீற்றர் இழுவை, அதுவும் 6,400 சுற்றுக்கு மேலே. புதியதில் 250, 3,700 சுற்றிலேயே கிடைக்கிறது. நான் மாற்றினது இந்த ஒன்றுக்காக. திரை, கெமரா, லைட் இதெல்லாம் எனக்குப் பெரிசு இல்லை.

ஆகவே தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் என்பியில் உங்களை ஒவ்வொரு நாளும் எரிச்சல்படுத்துகிற குறை எது? அதைப் புதிய கார் தீர்க்கிறது என்றால் மாற்றுங்கள். அப்படி ஒரு குறையைச் சொல்ல முடியவில்லை என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய 86ஐ வாங்கின மச்சான் ஒருவர் வீதியில் முந்துகிற வேலையே இல்லாதவர், அவருக்கு அந்தக் காரில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சரியாகத்தான் முடிந்திருக்கிறது.

வாழைச்சேனை டிங்கர்:

கல்லடியான் அண்ணன், ஸ்டியரிங் கதையை நீங்கள் பேசுங்கள், நான் இரும்புக் கதையைச் சொல்கிறேன். கல்லடி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. அங்கே நிற்கிற இரண்டாம் தலைமுறைக் காருக்கு முதல் எதிரி உப்பு.

கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற பெட்டிப் பகுதியைப் பாருங்கள், முக்கியமாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் முடிகிற இடம். கூரை மடிகிற இடத்திலிருந்து மழைத்தண்ணீர் இறங்க இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துளை இருக்கிறது. வேப்பம் சருகும் மணலும் அதை அடைத்தால் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள்ளே தேங்கும். மாரியில் ஒரு மாதம் தேங்கினால் போதும், உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் கொப்பளிக்கிற நேரம் உள்ளே இரும்பு இருக்காது. தடித்த தங்கூசியை, மீன்பிடிக்கிற நைலோன் நூலை, துளைக்குள் விட்டு அசைத்து எடுங்கள், கம்பி விடவேண்டாம், குழாய் கிழிந்துவிடும். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதனால் கழுவிப் பயனில்லை.

என்டியிலும் இந்தத் துளைகள் இருக்கின்றன, அதனால் புதியதை வாங்கினாலும் இந்த வேலை போகாது. அதன் பொனட்டும் மட்காட்டும் அலுமினியம் என்பதால் செந்துரு பிடிக்காது, உண்மை. ஆனால் ஒரு மாடு வந்து முட்டினால் நான் தட்டி எடுக்க முடியாது. அலுமினியம் ஒட்டுகிறவர் வேறு, கருவி வேறு. பகுதியை ஜப்பானிலிருந்து எடுக்கவேண்டி வரும். என்பிக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

காரை ஒரு தரம் கொண்டுவாருங்கள், கீழே படுத்துப் பார்த்துச் சொல்கிறேன். பெட்டி அழுகியிருந்தால் வெட்டிப் புதுத் தகடு போடலாம். மேலே புட்டி பூசி மறைக்கிற ஆட்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

திருக்கோவில்:

நடுவில் வந்த என்சியை யாரும் கணக்கில் எடுக்காதது எனக்குக் கவலை. நான் ஓட்டியது அதைத்தான். இரண்டு லீட்டர், 170 குதிரைவலு, ஹைட்ரோலிக் ஸ்டியரிங், உயரமான ஆளுக்கும் முழங்கால் முட்டாது. பாரம் கூட என்பது சரி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீட்டர் பெற்றோல் என்று இருந்த காலத்திலும் வேலைக்குப் போய் வந்தேன். பிள்ளை பிறந்த பிறகு இரண்டு இருக்கை போதாது என்று விற்றோம், வேறு குறை இல்லை.

ஒரு விசயத்தில் மட்டும் புதிய தலைமுறைக்கு என் வாக்கு: விளக்கு. பொத்துவிலிலிருந்து இரவில் வரும்போது மாடுகள் சூடான தார் வீதியில் படுத்திருக்கும். தாழ்ந்த காரில் இருக்கிறவருக்கு அவை கடைசி நேரத்தில்தான் தெரியும். என் தம்பியின் நண்பர் என்டியில் அழைத்துப் போனபோது அதன் எல்ஈடி வெளிச்சத்தில் நெடுந்தூரத்திலேயே தெரிந்தன. நீங்கள் இரவில் ஓட்டுகிறவர் என்றால் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள் அண்ணன்.

கல்லடியான்:

எல்லோருக்கும் நன்றி. நானா கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதிப் பார்த்தேன். என்பியில் என்னை எரிச்சல்படுத்துவது இரண்டு: உடம்பு நடுக்கம், பழைய விளக்கு. என்ஜினிலோ கியரிலோ ஸ்டியரிங்கிலோ ஒரு முறைப்பாடும் இல்லை. என்டி அந்த இரண்டையும் தீர்க்கிறது, ஸ்டியரிங்கில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது.

வாழைச்சேனைத் தம்பியிடம் காரைக் கொண்டுபோனேன். இடது பக்கப் பெட்டியின் பின்முனை அரித்திருக்கிறது, வலது பக்கம் சுத்தம். வெட்டித் தகடு போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதோடு சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் அத்தனையும் மாற்றப் போகிறேன். நடுக்கத்தில் ஒரு பங்கு கெட்டுப்போன ரப்பரால் வருவது என்று அவர் ஆட்டிக் காட்டினார். விளக்குப் பிரதிபலிப்பான்களையும் மங்கின கண்ணாடியையும் புதிதாகப் போடலாம். என்டியின் அளவுக்கு வராது. நான் கரடியனாற்றைத் தாண்டி இருட்டில் போவதில்லை, யானைப் பயம். அதனால் எனக்கு அது போதும். பொத்துவில் வீதியில் இரவில் ஓட்டவேண்டியவனாக இருந்தால் திருக்கோவில் அக்கா சொன்னதைக் கேட்டு மாறியிருப்பேன்.

என்டி சிறந்த கார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாட்டில் ஏற்கனவே பதிவான ஒன்று, 2023க்குப் பிந்திய புதுப்பிப்போடு, நியாயமான விலைக்கு வந்தால் மறுபடி கணக்குப் போடுவேன். வரி கட்டி இறக்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கச்சான் காற்று அடங்குகிற மாலையில் கூரையைத் திறந்துகொண்டு 70க்குள் ஓட்ட எனக்கு வேண்டியது எல்லாம் இந்த என்பியில் இருக்கிறது.

மாரிக்கு முன்னர் கூரைத்துணியும் மாற்றவேண்டும், பின்கண்ணாடி ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. ஜப்பானிலிருந்து கண்ணாடியோடு சேர்ந்த கூரை எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே பெட்டியில் போட்டால் கப்பல் கூலியைப் பங்கு போடலாம்.