தெர்மோஸ்டாட்: 'வெப்பநிலை நிறுத்தி' வேண்டாம், 'வெப்பநிலையோம்பி' எனலாம்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக் குளிரூட்டல் பணியாளர்களுக்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொல் தேடும் இந்த இழையில், அறையின் வெப்பநிலையை வைத்த அளவில் காக்கச் சுவரில் பொருத்தும் தெர்மோஸ்டாட் கருவிக்கு இதுவரை 'வெப்பநிலை நிறுத்தி', 'வெப்பச்சீராக்கி', 'வெப்பநிலைக் கட்டுப்படுத்தி', 'வெப்பநிலைபேணி' என்னும் நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தெர்மோஸ்டாட் என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தும் வந்திருக்கிறது. சென்னை அலுவலகக் கட்டடங்களில் இக்கருவியைப் பொருத்தி நிரலிடும் வேலையில் இருப்பவன் என்பதால், ஒரு சொல்லைக் கேட்டவுடன் பணியாளரின் கை எந்தக் கருவியை நோக்கிப் போகும் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

'நிறுத்தி' என்பதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. இலக்கண நோக்கில் அதில் குற்றமில்லை. 'வெப்பம்' என்பதோடு 'நிலைநிறுத்தி' சேர்ந்தது என்று பிரித்தால் பொருள் செம்மையாகவே அமைகிறது. ஸ்காட்லாந்து வேதியியலார் ஆண்ட்ரூ யூர் 1830இல் ஈருலோகப் பட்டையால் இயங்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றபோது சூட்டிய பெயரிலும், நிற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பின்பகுதியாக நிற்கிறது. ஆனால் பணியிடத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை. 'நிறுத்தி' என்றால் ஓடுவதை நிறுத்துவது என்றே கொள்வார்கள். அப்படி உண்மையிலேயே நிறுத்தும் கருவி ஒன்று அதே கட்டடத்தில் இருக்கிறது. ஈரப்பதத்தைக் குறைக்கக் காற்றை மிகுதியாகக் குளிர்வித்துப் பின்னர் மின்சூடேற்றியால் சற்றே சூடாக்கும் காற்றுக் கையாளும் அலகுகளில், சூடேற்றி அளவுமீறிக் காய்ந்தால் மின்னிணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவி இருக்கும். அவற்றில் ஒரு வகை, ட்ரிப் ஆகிவிட்டால், கோளாறைக் கண்டறிந்து சரிசெய்து, பொத்தானைக் கையால் அழுத்தினால் மட்டுமே மறுபடி இணைப்புத் தரும். அதை 'மிகைவெப்பத் துண்டிப்பான்' என்றும், சுவரில் உள்ளதை 'வெப்பநிலை நிறுத்தி' என்றும் ஒரே பக்கத்தில் எழுதினால், எது நாள்தோறும் இயங்க வேண்டியது, எது ஆபத்தில் மட்டும் இயங்க வேண்டியது என்பது புதிதாக வந்தவருக்குக் குழம்பும். தீ விபத்துவரை கொண்டுபோகக்கூடிய குழப்பம் இது.

'கட்டுப்படுத்தி' வேறொரு காரணத்தால் பொருந்தாது. பெரிய கட்டடங்களில் பல அறைகளின் உணரிகளிடமிருந்து அளவுகளைப் பெற்று வால்வுகளையும் விசிறிகளையும் ஏவுகிற கட்டுப்பாட்டுப் பெட்டி தனியே இருக்கும். அந்தப் பெயர் அதற்கே உரியது. அளவை அறிவது மட்டுமே வேலையாக உள்ள சிறு பொருளுக்கு 'வெப்பநிலை உணரி' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது: அளவை அறிந்து, வைத்த அளவோடு ஒப்பிட்டு, வேறொரு கருவியை ஏவி, அறையின் வெப்பநிலையைக் காப்பது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வொயிட்வாட்டர் ஊர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883இல் காப்புரிமை பெற்ற மின்கருவி, அறையின் நிலையை அடித்தளத்தில் இருந்த பணியாளருக்கு மணியடித்துத் தெரிவிக்கும். காற்றுவழியைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. இன்று அந்தப் பணியாளரின் இடத்தில் மோட்டார் வால்வு இருக்கிறது. கருவி தானே எதையும் சூடாக்குவதோ குளிர்விப்பதோ இல்லை என்பது மட்டும் மாறவில்லை. 'சீராக்கி' என்றால் காற்றோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பொருள் என்ற எண்ணம் வந்துவிடுவதால் அதுவும் பொருந்தாது.

'பேணி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய மறுப்பைப் படித்த பிறகு அதைக் கைவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். அங்கே பேணி என்பது தேநீர் அருந்தும் குவளைக்கும் தகர டப்பாவுக்கும் வீட்டில் வழங்கும் பெயர். 'வெப்பநிலைபேணி' என்றால் சூடு ஆறாத குவளை என்றே அவ்வூரார் கொள்ள நேரும் என்று அவர் சொல்வது விளையாட்டான மறுப்பு அன்று. நாம் ஆக்கும் சொல் கடலின் இரு கரைகளிலும் ஒரே பொருளைத் தர வேண்டும்.

ஆகவே 'ஓம்பு' என்ற வினையை எடுத்துக்கொண்டு, 'வெப்பநிலையோம்பி' என்று ஆக்கலாம் என முன்மொழிகிறேன். குறையாமலும் மிகாமலும் காத்து வருதல் அதன் பொருள். வேள்வித் தீயை அணையாமல் வளர்ப்பதைத் தீயோம்புதல் என்றே பழைய தமிழ் சொல்லிற்று. விருந்தோம்பல் இன்றும் எல்லார் வாயிலும் வருவது. பழஞ்சொல்லைத் தொழிலாளர் தலையில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தமிழ்வழியில் உயிரியல் படித்த பிள்ளைகள் 'ஓம்புயிர்' என்ற சொல்லைப் பள்ளியிலேயே கற்றுத்தான் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். முன்பகுதியை 'வெப்பம்' என்று சுருக்கி 'வெப்போம்பி' ஆக்க வேண்டாம். குளிரூட்டுவதே வேலையாக உள்ள கட்டடத்தில், வெப்பத்தை வெளியே விடாமல் வைத்திருக்கும் பொருள் என்ற தவறான கருத்தை அது தந்துவிடும். நீளம் உறுத்தினால் முதல் இடத்தில் முழுச் சொல்லையும், அடுத்து வரும் இடங்களில் 'ஓம்பி' என்று மட்டும் எழுதலாம். ஈரப்பதத்தைக் காக்கும் கருவிக்கு 'ஈரப்பதவோம்பி' என்று அதே முறையில் பெயர் அமைவது கூடுதல் பயன்.

பொருத்துதல் பற்றிய அதிகாரத்தில் இச்சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன். "ஓம்பியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில், உட்புறச் சுவரிலோ தூணிலோ பொருத்துக. வெயில் படும் வெளிச்சுவர், குளிர்காற்று நேரே விழும் இடம், நகலெடுக்கும் பொறியின் அருகு ஆகியவற்றைத் தவிர்க்கவும். கம்பிகள் வரும் குழாயின் வாயை ஓம்பிக்குப் பின்னால் அடைத்துவிடவும்." இந்தக் கடைசி அறிவுரையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பொய்க்கூரையின் மேலுள்ள காற்று குழாய்வழியே இறங்கி நேரே உணரியின் மேல் படும். அறை 27 பாகை செல்சியசில் புழுங்கினாலும் ஓம்பி வேறோர் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். இருப்பவர்கள் பொத்தானை அழுத்தி அழுத்தி அளவை இறக்குவார்கள், குளிர்நீர் வால்வு நாள் முழுதும் திறந்தும் மூடியும் அலையும். உணரி ஓம்பியின் ஓர் உறுப்பு என்பதும், ஓம்பி காப்பது உணரி அறியும் வெப்பநிலையைத்தான் என்பதும் பெயர்களிலேயே பிரிந்து தெரிந்தால், இதை விளக்குவது எளிது.

நிரலிடுதலுக்கான சொற்களில், ஓம்பி காக்க வேண்டும் என்று நாம் வைக்கும் அளவைக் குறிக்கும் 'செட்பாயிண்ட்' பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. "எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், 'வைப்பு வெப்பநிலை' அந்தப் பேச்சிலிருந்தே வருகிறது. 2018 ஜூனில் மைய மின்துறை அமைச்சகம் வணிகக் கட்டடங்களுக்குப் பரிந்துரைத்த 24 முதல் 26 பாகை வரையிலான அளவை இந்தப் பெயரிலேயே குறிக்கலாம். ஒரு பாகை உயர்த்தினால் மின்செலவில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்ற எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கையும் அதன் அருகிலேயே தர விரும்புகிறேன்.

'டிஃபரன்ஷியல்', 'டெட்பேண்ட்' இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாம் என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. வைப்பு 24 பாகை, முதலாவது 1 பாகை என்று வைத்துக்கொண்டால், பல கருவிகளில் 24.5ஐ எட்டும்போது வால்வு திறக்கும், 23.5க்கு இறங்கும்போது மூடும். இது குளிரூட்டல் என்ற ஒரே வேலைக்குள் தொடங்கும் அளவுக்கும் முடியும் அளவுக்கும் உள்ள இடைவெளி. காந்தவியல் பாடத்தில் உள்ள 'தயக்கம்' இதற்கு மிகப் பொருந்தும். இரண்டாவது, சூடேற்றலுக்கும் குளிரூட்டலுக்கும் நடுவே இரண்டுமே நடவாத பகுதி. 2017ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, இரு வேலைகளையும் செய்யும் அமைப்புகளில் இப்பகுதி 3 பாகை இருக்கும்படி வைக்க இயல வேண்டும் என்கிறது. இதற்கு 'ஓய்வு வீச்சு' என்று முன்மொழிகிறேன். பெரும அளவுக்கும் சிறும அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் புள்ளியியல் 'வீச்சு' என்றே கற்பிக்கிறது. சூடேற்றலே இல்லாத சென்னை அலுவலகத்தில் ஓய்வு வீச்சுக்கு வேலை இல்லை, தயக்கத்துக்கு நாள்தோறும் வேலை உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், தயக்கத்தை 3 பாகை வைத்துவிட்டு விதியைப் பின்பற்றியதாக ஒருவர் நினைப்பார். அறையில் இருப்பவர்கள் மாறி மாறி நடுங்குவார்கள், வியர்ப்பார்கள்.

ஆளில்லாத நேரத்தில் வைப்பை மாற்றிவைப்பதைக் குறிக்கும் 'செட்பேக்' என்பதற்குப் 'பின்னடைவு' என இந்த இழையில் எழுதப்பட்டிருந்ததைத் திருத்த வேண்டும். குளிர்நாடுகளில் இரவில் வைப்பை இறக்குவார்கள், நம் கட்டடங்களில் 28 பாகை போல ஏற்றுவோம். இரண்டுக்கும் பொதுவாக 'ஆளில்லா நேர வைப்பு' என்பதே தெளிவு. விடுமுறையில் முழுதும் அணைத்துவிடாமல் இப்படி ஏற்றி வைப்பதற்குக் கடற்கரை ஊர்களில் தனிக் காரணம் உண்டு: ஈரம் ஏறிய அறையில் கூரைப் பலகையிலும் தரைவிரிப்பிலும் பூஞ்சை பிடிக்கும்.

எஞ்சியிருப்பது, வைத்த நிரலைத் தற்காலிகமாக மாற்றி இயக்குவதைக் குறிக்கும் 'ஓவர்ரைடு'. அதே விதித்தொகுப்பு, குளிரூட்டலை நேரப்படி இயக்கி அணைக்கும் காலக்கடிகாரம் வாரத்தில் மூன்று வகை நாள்களுக்குத் தனித்தனி நேரப்பட்டியலை ஏற்க வேண்டும், மின்சாரம் போனால் குறைந்தது 10 மணிநேரம் அதை மறவாதிருக்க வேண்டும், 2 மணிநேரம் வரை தற்காலிகமாக இயக்க எட்டும் இடத்தில் ஒரு கைப்பொத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பொத்தானுக்கு 'மீறல்' என்று பெயரிடுவதை நான் எதிர்க்கிறேன். இரவுப் பணியில் தனியே இருக்கும் ஊழியர், விதிமீறலோ என்று அஞ்சித் தமக்கு உரிய பொத்தானைத் தொடவே மாட்டார். 'நேர நீட்டிப்பு' இந்தப் பொத்தானுக்குப் போதும். ஆனால் பொறியாளர் மையக் கணினியிலிருந்து ஓம்பியின் வைப்பைத் தற்காலிகமாக மாற்றும்போதும் அதே ஆங்கிலச் சொல்தான் வழங்குகிறது. அங்கே நீட்டிப்பதற்கு நேரம் எதுவும் இல்லை. 'இடையாணை' எனலாமா, அல்லது இரண்டு இடங்களுக்கும் இரண்டு சொற்களை வைத்துக்கொள்வதே நல்லதா என்பதில், மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரியும் அன்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.