மறு: அப்காசியா இயலில் ‘புரவலர் நாடு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகலைப் பாடநூலின் அப்காசியப் பொருளாதார இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பெரும்பாலான நாடுகள் ஜார்ஜியாவின் பகுதியாகவே கருதும் அப்காசியாவை 2008 ஆகஸ்டில் ரஷ்யா தனிநாடாக ஏற்றது; நிகரகுவா, வெனிசுவேலா போன்ற சில நாடுகளே அவ்வழி சென்றன. அங்கே புழங்குவது ரூபிள். மாண்டரின் ஆரஞ்சு எல்லையிலுள்ள ப்சோ ஆற்றைக் கடந்து ரஷ்யச் சந்தைக்கே போகிறது. ரஷ்யக் கடவுச்சீட்டு உள்ள முதியவர்க்கு ஓய்வூதியமும் ரஷ்யாவே தருகிறது. இப்படித் தாங்கி நிற்கும் ரஷ்யாவைப் ‘புரவலர் நாடு’ என்றிருக்கிறேன். மறுப்பு உண்டா?

*

உண்டு, ஐயா. புரவலர் என்றதும் மாணவர்க்குப் பாரியும் அதியமானும் நினைவுக்கு வருவர். ஒப்புக்கொண்டதை அப்காசியா நிறைவேற்றவில்லை என்று கூறி ரஷ்யா 2024 செப்டம்பரில் சமூகநலத் தொகையை நிறுத்தியது. ரஷ்ய முதலீட்டுக்குச் சலுகை தரும் ஒப்பந்தத்தை எதிர்த்து நவம்பரில் அப்காசிய நாடாளுமன்ற வளாகத்துக்குள் மக்கள் புகுந்தபின் அதிபர் அஸ்லான் பிஜானியா பதவி விலகினார். இது கொடையா? வறியார்க்கு ஈவது தவிர மற்றவை ‘குறியெதிர்ப்பை’ என்கிறது குறள் 221; அளவு குறித்து வாங்கி அவ்வாறே திருப்பித் தருவது என்பது பரிமேலழகர் உரை. புறநானூறு 163இல் பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசும்போதும் இச்சொல் வருகிறது. ‘குறியெதிர்ப்பை நாடு’ என்று ஆளலாம்.

*

வகுப்பெடுக்கும் எனக்கு அச்சமாக இருக்கிறது, ஐயா. ‘எதிர்ப்பை’ என்பதை மாணவர் ‘எதிர்ப்பு’ என்று படித்து, அப்காசியாவை எதிர்க்கும் நாடு என்று விடைத்தாளில் எழுதுவர். ‘ஆதரவு நாடு’ போதும். இயல் தலைப்பிலுள்ள ‘அண்டை நாட்டைச் சார்ந்த’ என்பதையும் சற்றுத் தளர்த்துங்கள்: எங்குரி நீர்மின் திட்டத்தின் அணை ஜார்ஜியா வசமும் மின்னிலையம் காலி (Gali) மாவட்டத்தில் அப்காசியா வசமும் இருப்பதால், பகைவர் இருவரும் மின்சாரத்தைப் பங்கிட்டே ஆகவேண்டும்.

*

‘ஆதரவு’ வடசொல் என்பதை அம்மையார் அறிவார். ‘தாங்கு நாடு’ என்றால் என்ன குறைந்துவிடும்?

*

தாங்குநர் யார், தாங்கப்படுவது எது என்று அடுத்த ஐயம் எழும், ஐயா. ஒப்பியவர் மிகுதி என்பதால் ‘ஆதரவு நாடு’ என்றே அனுப்புகிறேன். எங்குரிக்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

*

அனுப்புங்கள். ஆனால் நிபந்தனையோடு வருவதை ஆதரவு என்பதை நான் ஒப்பவில்லை. அடுத்த பதிப்பிலும் கேட்பேன்.