வார்னிங் வரும் வரிகளை அழித்துவிடலாமா? (சி, எஸ்டிஎம்32)

வியாசர்பாடி_தம்பி:
மணலி பக்கம் லாரி எடைமேடைகளுக்குக் கன்ட்ரோலர் போர்டு செய்யும் சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். சிப் எஸ்டிஎம்32எஃப்103. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய கோடு. ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா (கூடுதல் வார்னிங் காட்டச் சொல்லும் ஆப்ஷன்கள்) போட்டதும் திரை நிறைய வார்னிங். பாதி, மதிப்பு வாங்கியும் பயன்படாத வேரியபிள். சில, 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்று வருகிறது. வீண் வரிகள்தானே, தூக்கிவிடலாமா?

மாதவரம்_கோடர்:
எக்ஸ்ட்ராவை எடுத்துவிடுங்கள் ப்ரோ. சத்தம் குறையும்.

ராயபுரம்_செல்வி:
தம்பி, எடுக்க வேண்டாம். அந்த ஒப்பீட்டு வார்னிங் எக்ஸ்ட்ராவில்தான் வருகிறது. எடைமேடைக்கு அதுதான் உயிர்.

முதலில் ஐ2சி (சிப்புகள் தங்களுக்குள் பேசும் பஸ்) ஃபைலைப் பாருங்கள். எஸ்ஆர்2 என்ற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து 'டெம்ப்' என்று எதிலாவது போட்டுவிட்டு, அப்புறம் அதைத் தொடாமலே விட்டிருப்பார். பார்க்க வீண்தான். ஆனால் இந்தச் சிப்பில் எஸ்ஆர்1, அடுத்து எஸ்ஆர்2 படித்தால்தான் ஏடிடிஆர் (முகவரி கட்டம் முடிந்தது என்று சொல்லும்) ஃபிளாக் இறங்கும். வரியை அழித்தால் பஸ் அங்கேயே நிற்கும். வேரியபிளை மட்டும் எடுத்துவிட்டு, ரெஜிஸ்டருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'வாய்ட்' போடுங்கள். ரெஜிஸ்டர் வாலடைல் (கம்பைலர் படிப்பைத் தவிர்க்கக் கூடாதது) என்பதால் படிப்பது நடக்கும், வார்னிங்கும் போய்விடும்.

ஒப்பீடு வேறு கதை. எடையை 32 பிட் அன்சைன்ட்டில் (மைனஸ் வைக்க முடியாத டைப்) வைத்துவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்று கேட்டிருப்பார். அந்த 'இஃப்' சரி, டைப்தான் தப்பு. நம் பக்கத்து லாரிகள் கொட்டுகிற மண்ணோடு டேர் போட்டு (அந்த எடையைப் பூஜ்யமாக வைத்து), பிறகு மேடையைப் பெருக்கினால் எடை மைனஸில் போகும். அன்சைன்ட்டில் மைனஸ் 1 என்பது 4294967295. 'இஃப்'பை அழித்தால் வார்னிங் போகும், அந்த எண் டிஸ்பிளேயில் நிற்கும். டைப்பைச் சைன்ட் ஆக்குங்கள்.

யாரும் கூப்பிடாத ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களைத் தயங்காமல் அழிக்கலாம், கிட் (வெர்ஷன் கன்ட்ரோல்) வைத்திருந்தால் அதில் பழையது இருக்கிறதே. அழிப்பதற்கு முன்னும் பின்னும் ஓ2 ஆப்டிமைசேஷனில் பில்ட் செய்து, கிடைக்கும் பைனரி ஃபைல்களை ஒப்பிடுங்கள். உண்மையிலேயே வீண் வரி என்றால் பெரும்பாலும் ஒரு பைட் கூட மாறாது. மாறினால் அந்த வரிக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

வியாசர்பாடி_தம்பி:
அக்கா, எஸ்ஆர்2 வரி அப்படியே இருக்கிறது! டேர் ஃபங்ஷனில் எடை அன்சைன்ட்தான். எல்லாம் முடிந்ததும் டபிள்யூ-எரர் (வார்னிங்கை எரராக எடுத்து பில்டை நிறுத்தும் ஆப்ஷன்) போடலாமா?

ராயபுரம்_செல்வி:
போடுங்கள். வார்னிங் பூஜ்யம் ஆன பிறகு மட்டும். உற்பத்தியாளர் கொடுத்த ஹெடர்களை ஐசிஸ்டம் ஆப்ஷன் வழியாகச் சேர்த்துவிடுங்கள், அவற்றின் வார்னிங் உங்கள் பில்டை நிறுத்தாது.