பெயரே இல்லாத சாவி கிராமபோன்: யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
பாட்டி வீட்டுப் பரணிலிருந்து ஒரு கிராமபோன் பெட்டியை இறக்கினேன். மேசைமேல் வைக்கும் அளவு. வெளியே குழல் கிடையாது. முன்னால் இரண்டு சின்னக் கதவுகள், திறந்தால் உள்ளே மரக்குழலின் வாய். மூடியின் உட்புறத்தில் ஏதோ சீட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது, சீட்டைக் காணோம். சுழலும் தட்டு, ஊசியைத் தாங்கும் கை, அதன் நுனியில் ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸ் எதிலும் ஓர் எழுத்துகூட இல்லை. சாவி கொடுத்தால் சுற்றுகிறது. ஆனால் பாதிப் பாட்டில் உள்ளே 'டொக்' என்று அடித்து வேகம் தடுமாறுகிறது. இது எந்தக் கம்பெனி, எந்தக் காலம்? பாட்டிக்கு ஒரு பாட்டாவது முழுதாகப் போட்டுக் காட்ட ஆசை.

பதில்:
நண்பரே, மனம் தளர வேண்டாம். அந்தக் காலத்தில் பலர் மரப்பெட்டியை மட்டும் செய்து, மோட்டார், கை, சவுண்ட் பாக்ஸ் எல்லாவற்றையும் வெளியே வாங்கிப் பூட்டினார்கள். விற்ற கடை தன் சீட்டை ஒட்டிக்கொள்ளும். அதனால் பெட்டியை விட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள். இங்கிலாந்தின் கரார்டு, கொல்லாரோ, சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பையார் ஆகியவை பிறருக்கும் மோட்டார் விற்றவை.

முதலில் ஸ்பிரிங் முழுக்கத் தளரும்வரை ஓட விடுங்கள். முறுக்கோடு கழற்றினால் கையைப் பதம் பார்த்துவிடும். அப்புறம் தட்டையும் சாவியையும் எடுத்துவிட்டு, மேல்பலகையின் ஓரத் திருகுகளைக் கழற்றுங்கள். பலகையோடு மோட்டாரும் வரும். சட்டம், ஸ்பிரிங் டப்பா, தட்டின் அடிப்பக்கம் மூன்றிலும் கிரீஸைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். டி.ஆர்.ஜி.எம். என்றிருந்தால் ஜெர்மனியில் பதிவானது. பிரிட்டிஷ் காப்புரிமை எண் ஆறு இலக்கமாக இருந்தால் 1916-க்கு முந்தியதல்ல. அந்த ஆண்டில்தான் எண்ணை 100001-லிருந்து தொடங்கினார்கள்.

'டொக்' சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். கிரீஸ் காய்ந்து ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திடீரென்று விடுபடும்போது வரும் சத்தம் அது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் பெரும்பாலும் தட்டு சுற்றவே சுற்றாது.

இன்னொருவர்:
சவுண்ட் பாக்ஸின் முகத்தையும் பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்த மைக்கா வில்லையா, நெளிநெளியான அலுமினியமா? 1925-ல் மின்முறை ஒலிப்பதிவு வந்த பிறகுதான் அலுமினியம் பெருகியது. ஆனால் சவுண்ட் பாக்ஸை மாற்றுவது அன்று சாதாரணம். அது சொல்லும் வயது அதனுடையது மட்டும்தான்.

ஒரு வேண்டுகோள்: அதில் வினைல் தட்டை வைத்துவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் பள்ளம் அரைபட்டுப் போகும். 78 சுற்று ஷெல்லாக் (அரக்கு) இசைத்தட்டு மட்டும் போடுங்கள், இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது எஃகு ஊசி.

கேட்டவர்:
கழற்றிவிட்டேன்! சட்டத்தின் ஓரத்தில், கருகிய வெல்லம் மாதிரி இறுகிப்போன கிரீஸுக்கு அடியில், 'மேட் இன் ஸ்விட்சர்லாந்து' என்று பொடி எழுத்து. வேறு பெயர் இல்லை. சவுண்ட் பாக்ஸ் மைக்கா. ஒரு தண்டைச் சுற்றி மூன்று ஈயக் குண்டுகள் மெல்லிய தகடுகளில் தொங்குகின்றன. தண்டை விரலால் சுற்றினால் குண்டுகள் விரிந்து, பக்கத்தில் ஒரு வட்டத் தகட்டை இழுக்கின்றன.

முதலில் பதில் சொன்னவர்:
அதுதான் கவர்னர். அந்தத் தகட்டில் உரசும் தோல் துண்டுதான் வேகத்தை அடக்குகிறது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மோட்டார் சுவிஸ் என்பது உறுதியாகிவிட்டது. தோரன்ஸா, பையாரா, வேறு யாருமா என்பதைச் சட்டத்தின் வடிவத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நேர் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் போடுங்கள். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், பழக்கப்பட்டவர் கையில் கொடுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வைத்து வந்ததும், தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியைப் பாட்டில் வைத்தபடியே எண்ணுங்கள். நிமிடத்துக்கு 78 வரும்வரை வேகத் திருகைத் திருப்பிவிட்டுப் பாட்டியைக் கூப்பிடுங்கள்.